படத்தில் இல்லாதவர்

அந்த வருட ஆண்டு மலரில்
படங்களுக்கு அடியில் எழுதும் வேலை எனக்கு.
சங்கத்துக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு நாற்பது சொல்,
பெயர்கள் இடமிருந்து வலம்.
வராதவர் இருந்தால் கடைசியில் ஒரு வரி:
படத்தில் இல்லாதவர், இன்னார்.
மிசஸ் ஆஸ்ட்பி மர அளவுகோலால் மேசையைத் தட்டித் தட்டிச்
சொன்ன விதி இவ்வளவுதான்.

அக்டோபரிலேயே ஏரியின் மேல் பனி வந்துவிட்டது.
கால்பந்துத் திடலில் எங்கள் பேண்டு குழு நடந்தது.
உதடு உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று
டுவேன் கோஸ்கெலா டூபாவை ஊதவே இல்லை,
கன்னத்தை மட்டும் உப்பிக்கொண்டு வந்தான்.
யாரும் கவனிக்கவில்லை என்பதுதான்
அவனுக்குப் பிறகு பெரிய வருத்தம்.

சதுரங்கச் சங்கத்தில் இரண்டே பேர்.
படத்தில் மூவர்.
மூன்றாமவன் லிராய் பொலியூ,
பஸ் வரும்வரை ஹீட்டர் பக்கத்தில் நின்றவன்.
குதிரையை நேர்க்கோட்டில் நகர்த்துவதுபோல் விரல் வைத்திருக்கிறான்.
ஆட்டம் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்;
எங்கள் ஊரில் அப்படி இரண்டு பேர்,
இருவரும் அதே படத்தில்.

டிசம்பர் நாடகத்தில் கலங்கரை விளக்கத்தின் கதவுக்கு
நான்தான் சாயம் பூசினேன். காயவில்லை.
முதல் இரவு கதவு ஒட்டிக்கொள்ள
மார்லிஸ் எங்ஸ்ட்ரம் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு
ஜன்னல் வழியே ஏறிக் குதித்தாள்.
கைதட்டல் நிற்கவில்லை.
இரண்டாம் இரவு வேண்டுமென்றே ஜன்னல்.
மூன்றாம் இரவு அவள் பாதி ஏறும்போது
கதவு தானாகத் திறந்துகொண்டது,
மெதுவாக, மரியாதையாக.
இதெல்லாம் நாற்பது சொல்லில் அடங்காது.
‘வெற்றிகரமாக மேடையேறியது’ என்று எழுதினேன்.

பிப்ரவரியில் இரும்புச் சுரங்கத்தில் ஒரு ஷிப்டை நிறுத்தினார்கள்.
வாண்டா பெல்டோவின் அப்பாவுக்கு
அரிசோனாவில் செம்பு வெட்டும் வேலை கிடைத்தது.
ஒரு வியாழக்கிழமை போனார்கள்.
கிளாரினெட் பள்ளிக்கூடத்துடையது, பதினான்காம் எண்.
பெட்டியைத் திறந்து பார்த்தேன்:
ஊதுவாயில் அவள் முன்பல்லின் தடம்,
மூடியில் பாதி மென்ற பென்சில்,
நெல்லளவு சிவப்பு நகப்பூச்சு.

மார்ச்சில் படக்காரர் வந்தார்.
உயரப்படி நிற்க வைத்தார்.
நான்காவது இடம் தன்னால் காலியாகவே இருந்தது.
“நெருங்கி நில்லுங்கள், பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது” என்றார்.
நெருங்கினார்கள்.
கோடைக்குள் புல் மூடிவிடும் பள்ளம்போல
அது ஒரு நொடியில் மூடிக்கொண்டது.

அன்றிரவு தட்டச்சு எந்திரத்தின் முன் உட்கார்ந்தேன்.
மூன்று பெயர் அடித்தேன்.
நான்காவதாக வாண்டா பெல்டோ.
பிறகு மீதிப் பெயர்கள், வரிசை மாறாமல்.

மே மாதம் புத்தகம் அச்சாகி வந்தபோது
நான்காவதாக நின்ற ஜாய்ஸ் ட்வெர்டால் வாண்டா ஆகியிருந்தாள்.
அடுத்தவள் ஜாய்ஸ்.
அதற்கடுத்தவன் இன்னொருவன்.
இப்படியே ஆளுக்கு ஓரடி தள்ளித் தள்ளி,
வரிசைக் கோடியில் நின்ற டுவேனின் பெயர்
அவனுக்கும் அப்பால்,
சுவரோரம் சாய்ந்திருந்த பெரிய டிரம்முக்குப் போய்ச் சேர்ந்தது.
கோடை முழுக்க அவனை டிரம் என்றே கூப்பிட்டார்கள்.
இந்த முறையாவது கவனித்தார்களே என்றான்.

மிசஸ் ஆஸ்ட்பி அளவுகோலைப் படத்தின் மேல் வைத்து
ஒவ்வொரு தலையாக எண்ணினார்.
பிழையா என்றார்.
பிழை என்றேன்.
அளவுகோல் கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்தது.

கடைசி நாள் ஒருவர் புத்தகத்தில் ஒருவர் கையெழுத்திட்டோம்.
வாண்டாவோடு ஒரு வார்த்தைகூடப் பேசியிராத ஜாய்ஸ்
என் புத்தகத்தை வாங்கினாள்,
பேனாவின் மூடியைக் கடித்தாள், யோசித்தாள்.
பிறகு அந்த நான்காம் முகத்தின் மேல்
சாய்ந்த எழுத்தில் போட்டாள்:
அன்புடன்,
வாண்டா.